வினாகிரிப் போத்தல் புறாக்கள்

எங்கள் வீட்டில் வேட்டைத் துவக்கு என் பெயரில்தான் இருக்கிறது. கல்யாண வீடுகளில் யாராவது இந்தக் கதையை எடுத்துவிட்டால், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் மெல்லத் தள்ளி இருப்பார். பிறகு எல்லோருமாக என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவர் அந்தப் பார்வையை நன்றாக அனுபவிப்பார், இரண்டாம் தரம் பாயாசமும் கேட்பார்.

உண்மையில் வேட்டைக்கு ஆசைப்பட்டவர் அவர்தான். வேலையிடத்தில் அவருடைய கெபெக் நண்பர்கள் மான் கதையும் வாத்துக் கதையும் சொல்லிச் சொல்லி ஆளை ஏற்றிவிட்டார்கள். துவக்குப் பாதுகாப்பு வகுப்பில் பெயர் கொடுத்தார். ஆனால் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட அவருக்குப் பயம். நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவள், எனக்கு எந்தத் தெருவும் ஒன்றுதான். ஆகவே நான் கூட்டிக்கொண்டு போனேன். காரில் காத்திருந்தால் குளிர், உள்ளே சும்மா இருந்தால் வெட்கம், சரி கிடக்கட்டும் என்று நானும் பெயரைக் கொடுத்தேன். கடைசியில் நான் தேறினேன், அவர் தேறவில்லை. கேள்வி கேட்கும்போது கையை நீட்டிக் கேட்பது அவர் பழக்கம். அன்றைக்கு அந்தக் கையில் துவக்கு இருந்தது. தோட்டா போடாத வெறும் துவக்குத்தான், ஆனாலும் பயிற்சியாளர் மேசைக்குக் கீழே போய்விட்டார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் அதைக் கடையிலை வாங்கி அலுமாரியிலை பூட்டி வைச்சிருக்கிறீர்" என்றாள் மச்சாள்.

மச்சாள் என் வீட்டுக்காரரின் தங்கை. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எனக்குக் கால் உறையாமல் சப்பாத்து வாங்கித் தந்தவள். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் சாறிச் சட்டை தைத்துக் கொடுத்தாள். புருசன் காலமான பிறகும் அந்தத் தையல் மெசின் நிற்கவில்லை. அவளுடைய மகன் ரொறன்ரோவில் இருக்கிறான், நல்ல பிள்ளை. வீடு வாங்கி, கீழே தாய்க்கென்று ஓர் அறையும் கட்டி, ஒக்டோபர் நீண்ட வார இறுதியில் சாமான் ஏற்றுகிற வானோடு வந்து ஏற்றிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லிவிட்டான். அவளும் வாடகை வீட்டை விடுகிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரனிடம் சொல்லிவிட்டாள்.

எனக்கு நெஞ்சு இடிந்துபோனது. சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. இந்த ஊரில் நான் வயிறு நோகச் சிரிப்பது ஒரே ஓர் ஆளோடுதான். அவள் போய்விட்டால் எனக்குக் கிடைப்பது என் வீட்டுக்காரரின் பகிடிகள் மட்டுமே. அவை எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஆகவே கோடை தொடங்கியதுமே அவளை எங்கள் பக்கம் இழுக்கிற வேலையில் இறங்கினேன். எங்களுக்கு பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. கீழ்த்தளத்தில் பெரிய யன்னலோடு ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்கு வெண்ணெய் நிறம் பூசினேன். கட்டில் போட்டேன், மெத்தை போட்டேன், மெத்தைக்கு மேல் மெத்தையும் போட்டேன். சுவரை நிறைத்து ஒரு டிவி. மூலைக்கு அலுமாரி, இன்னொரு மூலைக்கு சாமித் தட்டு, அதில் முருகன், பிள்ளையார், அம்மன் என்று ஒருவரையும் விடவில்லை. யன்னலடியில் சாய்மனைக் கதிரை. அவள் வந்து இளைப்பாற வேண்டுமே. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அறையோ, தளபாடக் கடையோ?" என்று கேட்டார்.

மச்சாள் வந்து பார்த்தாள். வாசலில் நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்தாள். "நல்ல வடிவாக் கிடக்கு" என்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. மேலே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அடுத்த முறையும் அப்படியே. கோடை முடியும்வரை அவள் அந்த வாசலோடு வந்து வந்து திரும்பினாள். நான் ஒவ்வொரு முறையும் உள்ளே இன்னும் ஒரு சாமான் வாங்கி வைத்தேன்.

புறாக் கதை இந்த நேரத்தில்தான் வந்தது. எங்கள் பஸ் நிலையத்தில் என்னோடு பஸ் ஓட்டுகிற ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறாள். பாலத்தைத் தாண்டி, மொன்ட்ரியால் தீவுக்கு வெளியே, அவளும் புருசனும் பால் மாடு வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கென்று புதிதாகப் புல்லும் குளோவரும் விதைத்த நிலத்தில் புறா வந்து குந்தி, விதையையும் குருத்தையும் வழித்துத் துடைக்கிறதாம். "உன்னிடம்தான் துவக்கு இருக்கிறதே. வா, வந்து சுடு. தோட்டாவுக்கு நீ, கோப்பிக்கு நான்" என்றாள்.

தனியாகப் போனேன். பெருத்த அவமானம். மெட்ரோ வாசலில் பாண் துண்டுக்காக எங்கள் சப்பாத்தில் ஏறி நிற்கிற அதே சாம்பல் புறாதான். தெருவில் உதைத்தாலும் விலகாது. புல் நிலத்தில் மட்டும் அதற்கு வேறு மூளை. நான் இந்தக் கரையில் கார்க் கதவைத் திறந்தால் அது அந்தக் கரைக்குப் போகும். நான் அந்தக் கரைக்கு நடந்தால் அது இந்தக் கரைக்கு வந்து, என் காருக்குப் பக்கத்திலேயே மேயும். பஸ்காரி களஞ்சியத்து வாசலில் நின்று இதை முழுக்கப் பார்த்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீ அதுகளிடம் போகக்கூடாது, அதுகள்தான் உன்னிடம் வரவேண்டும். அப்பலான் வாங்கு" என்றாள்.

அப்பலான் என்றால் ஆசைகாட்டி. பிளாஸ்ரிக்கில் செய்த பொய்ப்புறா. அதைப் புல்லில் குத்தி வைத்தால், மேலே பறக்கிற புறா, நம்முடைய ஆட்கள் நிற்கிறார்கள், சாப்பாடும் நல்லாக இருக்கும்போல என்று இறங்குமாம். கேட்டவுடனே எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. எங்களுடைய விழாக்களும் அப்படித்தானே. அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருக்கும். ஐந்து மணிக்குப் போகிறவர் மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கார் இல்லையென்றால் இறங்காமல் கோப்பிக் கடைக்குப் போய்விடுவார். நாலு கார் நின்றால்தான் இறங்குவார்.

கடையில் கொஞ்சம் பொய்ப்புறா வாங்கினேன். மிச்சத்தை நானே செய்வது என்று முடிவு கட்டினேன். நான் ஊறுகாய் போடுகிறவள், எங்கள் கீழ்த்தளத்தில் வெறும் வினாகிரிப் போத்தல்கள், கைப்பிடி வைத்த பெரிய வெள்ளைப் போத்தல்கள், ஓர் ஊருக்குக் காணுமளவுக்குக் கிடந்தன. எறிய மனம் வராது. போத்தலை நீட்டுக்கு வெட்டிக் கவிழ்த்தால் புறாவின் முதுகு மாதிரியே இருந்தது. தலைக்குப் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டினேன். மை பூசுவதற்கு மச்சாளைக் கூப்பிட்டேன். இதிலும் எனக்கு உள்நோக்கம் இருந்தது. கீழ்த்தளத்தில் வேலை செய்தால் அறைப் பக்கம் போவாள் அல்லவா?

போகவில்லை. சலவை மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்துகொண்டு, புறாக்களில் மூழ்கிவிட்டாள். சாம்பல் நிறம் காய்ந்ததும் செட்டையில் கறுப்புக் கோடு இரண்டு இழுத்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, நகப்பூச்சுக் குப்பிகளை வெளியே எடுத்தாள். புறாவின் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னும் அல்லவா, அதற்காம். பூசினாள். பிறகு கண்ணுக்கு மை எழுதினாள். ஒன்றுக்கு வாலோடு நீளமாக எழுதிவிட்டு, "இது கல்யாணத்துக்கு வந்த பொம்பிளைப் பகுதி" என்றாள். நான் சிரித்துச் சிரித்துச் சலவை மெசினில் சாய்ந்துவிட்டேன்.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை விடியப் போனோம். நான், மச்சாள், பின்னால் ஒரு சாக்கு நிறையப் பொய்ப்புறா. மச்சாளிடம் உத்தரவுப் பத்திரம் இல்லாததால் அவள் துவக்கைத் தொடமாட்டாள், சும்மா துணைக்கு. ஒளிந்திருக்கிற மறைப்புக்கு என்று தன் பழைய பச்சை நைலெக்ஸ் சாறியைக் கொண்டுவந்தாள். கரையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தாள், சரிகை மினுங்குமாம். கழுத்து முழுக்க நகப்பூச்சுப் பூசியவள் இதைச் சொல்கிறாள்.

வேலியோரம் தடிகளை ஊன்றிச் சாறியைச் சுற்றிக் கட்டி, இரண்டு மடக்குக் கதிரைகளை உள்ளே வைத்தோம். பிறகு புறாக்களை அடுக்கினேன். ஆயுள் முழுக்க மண்டபங்களில் கதிரை அடுக்கிய கை. வேறெப்படி வரும்? வரிசை வரிசையாக, இடைவெளி பிசகாமல், எல்லாம் எங்களைப் பார்த்தபடி. முன்வரிசைக்குக் கடையில் வாங்கிய நல்ல புறாக்கள், பின்னுக்கு வினாகிரிகள். எங்காவது பொட்டலாகத் தெரிந்தால் ஓடிப்போய் ஒன்றைச் செருகினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். நிறைந்த சபை. மாலை போட ஆள் இல்லாத குறைதான்.

மறைப்புக்குள் குந்தினோம். வானம் வெளுத்தது. பண்ணையின் உயரமான தானியக் கோபுரத்தில் இருந்து ஒரு கூட்டம் கிளம்பியது.

"வருகுது, வருகுது" என்று மச்சாள் என் தொடையில் கிள்ளினாள்.

"கதையாதையும். அசையாதையும்."

"நான் எங்கை அசைஞ்சனான், நீர்தான் நடுங்கிறீர்."

கூட்டம் எங்கள் தலைக்கு மேல் வந்தது. தாழ்ந்தது. எங்கள் சபையைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில், சுடுதண்ணி ஊற்றினதுபோல் விசிறிப் பறந்து அடுத்த பண்ணைக்குப் போய்விட்டது. நான் எழுந்து நின்று பார்த்தேன். அப்போதுதான் சூரியன் வேலிக்கு மேலே வந்திருந்தது. எங்கள் வினாகிரிப் புறாக்களின் கழுத்தெல்லாம் தேர்த் திருவிழா மின்குமிழ்கள்போல் எரிந்துகொண்டிருந்தன.

மச்சாள் எழுந்து போனாள். பனி ஈரத்தில் குழைந்த மண்ணை அள்ளி, தான் மணித்தியாலக் கணக்கில் எழுதிய கழுத்துகளில் அப்பினாள். ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டு, "சொறி அம்மா, சொறி" என்று சொல்லிச் சொல்லி அப்பினாள். நானும் அப்பினேன். ஒன்றை மட்டும் அவள் விட்டுவிட்டாள், அந்தப் பொம்பிளைப் பகுதியை. அதைக் கொண்டுவந்து மறைப்புக்குள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஒரு சின்னக் கூட்டம் வந்தது. வந்து வட்டமிட்டது. இன்னும் ஒரு வட்டம். செட்டையை விரித்துத் தாழ்ந்தது. இறங்கப்போகிறது என்று நினைத்து நான் எழும்பினேன்.

"இரும்! உம்மட தலை தெரியுது!" என்றாள் மச்சாள்.

புறாவும் அதையே நினைத்தது. திரும்பிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் வழிதவறித் தாழ்வாகப் போனது, நான் பதறிப்போய்ச் சுட்டேன். சத்தம் அடங்கியதும் பார்த்தால் புறா சுகமாக மேற்கே பறக்கிறது, பின்வரிசையில் ஒரு வினாகிரிப் போத்தல் ஆகாயத்தில் கரணமடித்து, ரப்பர்த் தலை ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கமாக விழுகிறது.

"ஐயோ, என்ர பிள்ளையைச் சுட்டுப்போட்டீர்!"

நான் துவக்கைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, பாதுகாப்பாகப் புல்லில் கிடத்தினேன். வகுப்பில் சொல்லித்தந்த ஒன்றையும் மறக்கவில்லை. அதன் பிறகு சிரித்தேன். மச்சாளும் சிரித்தாள். கதிரை மடங்கி இருவரும் சாறிக்குள் சுருண்டு விழுந்தோம். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று பார்ப்பதற்கு ஒரு மாடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் இன்னும் கூடிவிட்டது. சரியாக அந்த நேரம் என் போன் அடித்தது.

"இஞ்சேரும், எத்தினை புறா?" என்று வீட்டுக்காரர்.

"ஒண்டு" என்றேன்.

"கறிக்குக் காணுமே?"

"வினாகிரி கூடிப்போச்சு" என்றாள் மச்சாள், போனைப் பறித்து. அவர் என்ன, என்ன என்று கேட்கக் கேட்க நாங்கள் போனை நிறுத்திவிட்டுத் திரும்ப விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்து, பேணித் தேத்தண்ணியும் சீனிச்சம்பல் பணிசும் எடுத்தோம். மச்சாள் ஒரு கையில் பணிசோடு, சாறி விளிம்பை விலக்கி எங்கள் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், உதுகள் வந்து எங்கை இருக்கிறது?"

"ஏன், இவ்வளவு பெரிய நிலம் கிடக்கு."

"உம்மட ஆக்களுக்கு நடுவிலைதானே வந்து இருக்கப் பாக்குதுகள். நீர் ஒரு இடமும் விடேல்லை. மேலை நிண்டு பாத்தா எல்லாக் கதிரையிலும் ஆள். வந்ததுகள் சுத்திச் சுத்திப் பாத்திட்டுப் போகுதுகள், பாவம்."

நான் பார்த்தேன். சரிதான். பறவை இறங்க ஓர் உள்ளங்கை அளவு வெளிகூட இல்லை. எழுந்து போய் நடுவில் இருந்ததை எல்லாம் பிடுங்கினேன். காற்று மேற்கில் இருந்து வந்தது, புறா காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கும், நிற்பதும் அப்படித்தான் நிற்கும் என்று பஸ்காரி சொன்னதும் அப்போதுதான் நினைவு வந்தது. முகத்தை எல்லாம் மேற்கே திருப்பினேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஒழுங்கில்லாமல், நடுவிலே பெரிய வெளி. எனக்குக் கை கூசியது. இப்படி ஒரு மண்டபத்தை விட்டால் என்ன கதைப்பார்கள்?

வந்தன. வானத்தில் இருந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நேரே வந்தன. ஒரு வட்டமும் போடவில்லை. செட்டையை விரித்து, காலை நீட்டி, நாங்கள் விட்ட அந்த வெளிக்குள் இறங்கப் பார்த்தன. மச்சாளின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. "இன்னும் இல்லை... இன்னும் இல்லை..." என்று மூச்சுக்குள் சொன்னாள். நான் எழும்பவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பொறுத்தேன். பிறகு, "இப்ப!" என்றாள்.

இரண்டு விழுந்தன. மிச்சம் சிதறின. சிறிது நேரத்தில் வேறு கூட்டம் வந்தது, அதிலும் விழுந்தது. மத்தியானம்வரை வந்துகொண்டே இருந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன். ஐம்பது தாண்டிய பெண், மண் அப்பிய கையோடு, கெபெக் புல் நிலத்தில் துள்ளுகிறேன். நான் சுட்ட புறாவைப் பொறுக்க மச்சாள் ஓடி, பொய்ப்புறாவைத் தூக்கிவந்து, திரும்பவும் ஓடினாள். பஸ்காரி கோப்பியோடு வந்து, சாறி மறைப்பைப் பார்த்து, வாயில் கை வைத்தாள். அந்தத் துணி தனக்கு வேண்டும் என்றாள்.

சாமான்களைக் கட்டுகிறபோதுதான் அது நடந்தது. மச்சாள் குனிந்து பொய்ப்புறாக்களைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"நீர் எனக்குச் செய்து வைச்ச அறை வடிவுதான். அதுக்குள்ளை என்ர மெசினை எங்கை வைக்கிறது?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யன்னல் வெளிச்சத்திலை உமக்கு ஒரு கதிரை போட்டிருக்கு, சாய்ஞ்சு இருக்கிறதுக்கு. நான் எப்ப மச்சாள் சாய்ஞ்சு இருந்தனான்? ரொறன்ரோவிலை மோனும் அப்பிடித்தான். எல்லாம் வாங்கி வைச்சிட்டான். டிவி, கட்டில், கால் பிடிக்கிற மெசின். என்னை ஒண்டும் கொண்டுவர வேண்டாமாம். நான் மட்டும் வந்தாக் காணுமாம்."

"மெசினுக்கு இடம் இருந்தா இருப்பீரோ?"

"அதை நான் சொல்லேல்லை" என்றாள். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள்.

அன்று பின்னேரம் புறாக் கறி வைத்தோம். வறுத்த தூள், பட்டை, கொஞ்சம் பழப்புளி. வீட்டுக்காரர் முதல் வாயிலேயே ஓர் ஈயச் சன்னத்தைக் கடித்து, பல் போய்விட்டது என்று கத்தினார். பல் போகவில்லை. மூன்றாம் தரமும் சோறு போட்டார். மச்சாள் எலும்பை உறிஞ்சிக்கொண்டு அந்தப் போத்தல் கரணமடித்த கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன், ஆனால் என் காது முழுக்க வேறு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே அறையைக் காலி பண்ணத் தொடங்கினேன். என்னை ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரருக்குப் பயம். "கோடை முழுக்கக் கீழை இறக்கினீர். இப்ப மேலை ஏத்துறீர். என்ர நாரி என்ன, லிப்டோ?" என்றார், இடுப்பைப் பிடித்தபடி. டிவியை ஏற்றினோம். இரண்டாம் மெத்தை, முதலாம் மெத்தை, கட்டில், அலுமாரி, எல்லாம். சாய்மனைக் கதிரையைக் கொண்டாடிக்கொண்டு அவரே எடுத்துக்கொண்டார். சாமிகளும் மேலே போனார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களோடு நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். சுவரில் ஆணிகூட விடவில்லை. வெறும் நிலம், வெறும் சுவர், யன்னல், யன்னலடியில் பிளக் பொயின்ட். கதவடியில் நின்று பார்த்தபோது எனக்கு அந்த வெறுமை தாங்க முடியவில்லை. ஒரு விருந்தாளிக்கு இப்படி ஓர் இடத்தைக் காட்டுவதா? ஓடிப்போய் ஒரு பாயாவது விரிக்கவேண்டும்போல் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒக்டோபர் வார இறுதி வந்தது. மகன் வானோடு வந்து, மூன்றாம் மாடியில் இருந்து தாயின் வாழ்க்கையை முழுக்க இறக்கி ஏற்றினான். ரொறன்ரோ போகிற வழியில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வான் எங்கள் வாசலில் நின்றது. பின் கண்ணாடியில், பழைய போர்வை சுற்றிய தையல் மெசின் தெரிந்தது. நான் சோறு பரிமாறினேன். ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்காரர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மச்சாள் கேட்டாள். "அந்தக் கண் எழுதின புறாவை ஒருக்கா எடுத்துத் தாரும். ஞாபகத்துக்குக் கொண்டுபோறன்."

"கீழை கிடக்கு. போய் எடும்" என்றேன்.

அவள் கைப்பையோடு படியிறங்கினாள். நான் மேல்படியில் குந்தினேன். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையால் அறைவாசல் தெரியும். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து குந்தினார். "ஏன் குந்தியிருக்கிறீர்?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

அறைக்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே, வெறும் நிலத்தில், யன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த வினாகிரிப் புறா. ஊதாக் கழுத்தும் வாலோடு எழுதின கண்ணுமாக, ஒரே ஒன்று. அதன் முகத்தை யன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். மிச்சம் முழுக்க வெளி.

மச்சாள் வாசலில் நின்றாள். எல்லா முறையும் நின்ற அதே இடம். பிறகு அவள் கால் உள்ளே போனது.

சுவரோரமாக நடந்தாள். ஒரு சுற்று. யன்னலடியில் நின்று, கையை நீட்டி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனிந்து பிளக் பொயின்ட்டைத் தொட்டாள். பிறகு தன் காலடியால் நிலத்தை அளந்தாள், அங்கே இருந்து இங்கே. வெளியே மகன் ஹோர்ன் அடித்தான். "அம்மா, லேட் ஆகுது! ட்ராபிக் வரும்!" என்று கத்தினான். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நான் எழும்பப் பார்த்தேன். வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். கல்யாணம் கட்டின நாளில் இருந்து அந்த மனிதர் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

மச்சாள் பொய்ப்புறாவை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் போய், தன் கைப்பையை நிலத்தில் வைத்தாள்.

பிறகு படியைப் பார்த்துச் சொன்னாள். "வெளியாலை வாரும் மச்சாள். உம்மட தலை தெரியுது."

எனக்கு எழும்ப முடியவில்லை. சிரிப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவள் என்னைத் தாண்டி மேலே போய் வாசலைத் திறந்தாள். மகன் நின்றான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு அன்றைக்கு நல்லவளாக இருக்க நேரமில்லை.

"மெசினை முதல் இறக்கு, தம்பி" என்றாள் மச்சாள். "மெல்லப் பிடி. ஊசி கழட்டேல்லை."